மாதக் கடைசியில் பில் எவ்வளவு வரும்?

ஹோஸ்டிங் (தளத்தை இணையத்தில் வைக்க சர்வரில் இடம் வாடகைக்கு எடுப்பது) பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று போன முறை சொன்னதும், சர்வர் வேகம், பாதுகாப்பு, எந்த மென்பொருள் நல்லது என்றெல்லாம் கேட்பீர்கள் என்று நினைத்திருந்தேன். வந்தவற்றில் பெரும்பகுதி பில்லைப் பற்றியது. விலை அதிகம் என்று புலம்பியவர்கள் குறைவு, எவ்வளவு வரும் என்று முன்கூட்டியே தெரிய மாட்டேன் என்கிறதே என்று எரிச்சல்பட்டவர்கள்தான் நிறைய. நியாயமான எரிச்சல். எனவே இந்த முறை முழுக்க பில்தான்.

கே: சிறுகதைகளுக்காக ஒரு தளம் நடத்துகிறேன். பழைய ஹோஸ்டிங் அடிக்கடி படுத்துக்கொள்கிறது என்று அமேசானின் கிளவுடுக்கு, அதாவது பயன்பாட்டுக்குத் தகுந்தபடி சர்வரை வாடகைக்கு விடும் சேவைக்கு மாறினேன். சர்வர் மாதம் ஏழரை டாலர் சொச்சம் என்று பார்த்துத்தான் எடுத்தேன். முதல் பில் 19.79 டாலர்! இன்னொரு சர்வர் எதையும் நான் திறக்கவே இல்லை. பில்லை இணைத்திருக்கிறேன். என்னை ஏமாற்றிவிட்டார்களா?

ப: இல்லை. உங்கள் பில்லை அமேசானின் அமெரிக்கக் கிழக்குப் பகுதி விலைப்பட்டியலோடு வைத்து வரிவரியாகப் பார்த்தேன், ஒரு சென்ட் கூடப் பிசகவில்லை. கணக்கெல்லாம் சரிதான். ஆனால் ஐந்து வரி உள்ள பில்லில், வாங்கும்போது உங்கள் கண்ணில் பட்டது முதல் வரி மட்டும்.

முதல் வரி சர்வர். மணிக்கு 0.0104 டாலர். மாதத்துக்கு 730 மணி நேரம் என்று கணக்கு வைத்துக்கொள்வார்கள், வருடத்தின் 8,760 மணி நேரத்தை 12ஆல் வகுத்தால் வருவது அது. ஆக 7.59. நீங்கள் பார்த்த விலை இதுதான். ஆனால் இந்த விலைக்குக் கிடைப்பது பிராசஸரும் மெமரியும் மட்டும். டிஸ்க் தனி. நீங்கள் எடுத்திருப்பது 30 ஜிபி, ஜிபிக்கு மாதம் 8 சென்ட், அது 2.40. மூன்றாவது வரி பொது ஐபி முகவரி, இணையத்தில் உங்கள் சர்வரைக் கண்டுபிடிக்க உதவும் எண். முன்பெல்லாம் ஓடிக்கொண்டிருக்கும் சர்வரோடு சேர்ந்து வந்த முகவரிக்குக் காசு கிடையாது. 2024 பிப்ரவரி 1 முதல் பழைய வகை ஐபிவி4 முகவரி ஒவ்வொன்றுக்கும் மணிக்கு அரை சென்ட் வாங்குகிறார்கள். கேட்க ஒன்றுமில்லாத மாதிரி இருக்கும், மாதக் கணக்கில் 3.65, அதாவது உங்கள் சர்வர் விலையில் கிட்டத்தட்ட பாதி. நான்காவது ஸ்னாப்ஷாட், அதாவது டிஸ்க்கின் அப்போதைய நிலையின் நகல். எங்கேயோ தினசரி பேக்கப் என்ற பெட்டியை டிக் செய்திருக்கிறீர்கள், நல்ல காரியம்தான், ஆனால் பழையதை எப்போது அழிக்க வேண்டும் என்று சொல்லாமல் விட்டிருக்கிறீர்கள். 60 ஜிபி சேர்ந்திருக்கிறது, ஜிபிக்கு 5 சென்ட் வீதம் 3 டாலர். இது அடுத்த மாதம் இன்னும் ஏறும். உடனே போய் கடைசி ஏழு நாள் மட்டும் போதும் என்று மாற்றிவிடுங்கள். ஐந்தாவது, உங்கள் சர்வரிலிருந்து வெளியே போன டேட்டா. 135 ஜிபி போயிருக்கிறது, முதல் 100 இலவசம், மிச்சம் 35 ஜிபிக்கு 9 சென்ட் வீதம் 3.15.

இந்த ஐந்தையும் ஒரே மாதிரி பார்க்காதீர்கள். முதல் நான்கும் உங்கள் கையில் இருக்கிறது, நீங்கள் வைத்த அமைப்பைப் பொறுத்துத்தான் மாறும். ஐந்தாவது வரி மட்டும் ஊர் பேர் தெரியாத யாரோ உங்கள் தளத்தைத் திறப்பதைப் பொறுத்தது. ஒரு கதை எங்கேயாவது பகிரப்பட்டு ஓடினால் அந்த வரி பத்து மடங்காகும், உங்களிடம் யாரும் அனுமதி கேட்க மாட்டார்கள். பில்லை முன்கூட்டியே கணிக்க முடியுமா, முடியாதா என்பது முழுக்க அந்த ஒரு வரியில் இருக்கிறது. அதனால் எந்த ஹோஸ்டிங்கையும் எடுப்பதற்கு முன் நான் பார்ப்பது இதைத்தான்: ஒதுக்கிய அளவு தீர்ந்ததும் என்ன செய்வார்கள்? தளத்தை நிறுத்துவார்களா, வேகத்தைக் குறைப்பார்களா, இல்லை சத்தமில்லாமல் மீட்டரை ஓட விடுவார்களா?

உங்களுக்கு இந்த ஐந்து வரி தேவையே இல்லை. டிஸ்க், ஐபி, டேட்டா எல்லாம் சேர்த்து ஒரே விலை சொல்லும் பிளான்கள் இருக்கின்றன. டிஜிட்டல்ஓஷனில் மாதம் 6 டாலர் பிளானில் 1 ஜிபி மெமரி, 25 ஜிபி டிஸ்க், 1,000 ஜிபி டேட்டா, அதற்கு மேல் போனால் ஜிபிக்கு 1 சென்ட். அமேசானே 2016இலிருந்து லைட்செயில் என்ற பெயரில் இப்படி எல்லாம் சேர்த்து ஒரே விலைக்கு விற்கிறது, ஆனால் முகப்பில் அதைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

கே: பட்ஜெட் 10 டாலர் என்று டாஷ்போர்டில் போட்டுவைத்திருக்கிறேன். இனி 10 டாலருக்கு மேல் போகாதுதானே?

ப: போகும். அந்தப் பெட்டிக்கு பட்ஜெட் என்று பெயர் வைத்ததுதான் குழப்பத்துக்கெல்லாம் மூலம். நீங்களாக வேறு எதையும் அமைக்காதவரை அது ஒரு மின்னஞ்சல் அனுப்பும் கருவி, அவ்வளவுதான். வீட்டில் புகை வந்தால் கத்தும் கருவி மாதிரி, கத்துவது மட்டும்தான் அதன் வேலை, தண்ணீர் நீங்கள்தான் ஊற்ற வேண்டும். அதுவும் தாமதமாகக் கத்தும். அமேசானில் பட்ஜெட் தகவல் ஒரு நாளைக்கு அதிகபட்சம் மூன்று முறைதான் புதுப்பிக்கப்படுகிறது, ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவில் வழக்கமாக 8 முதல் 12 மணி நேரம். நள்ளிரவில் ஆரம்பித்த வெள்ளத்துக்கு மறுநாள் மதியம் மின்னஞ்சல் வந்தால் அது எச்சரிக்கையா, அனுதாபச் செய்தியா? கூகுள் கிளவுடின் ஆவணத்திலும் பட்ஜெட் போடுவதால் செலவு தானாக நிற்காது என்று தெளிவாகவே எழுதியிருக்கிறார்கள். நாம்தான் அதைப் படிப்பதில்லை.

ஏன் ஒரு சாதாரண உச்சவரம்பைக் கூட வைக்க மாட்டேன் என்கிறார்கள் என்று கேட்பீர்கள். தொழில்நுட்பக் காரணம் கொஞ்சம் உண்மை: பயன்பாட்டை ஆயிரக்கணக்கான கருவிகளிலிருந்து திரட்டி, விலை போட்டு, கூட்டி முடிக்கவே நேரம் ஆகிறது. இன்னொரு சிக்கல், வரம்பை எட்டியதும் எதை நிறுத்துவது? சர்வரை நிறுத்தலாம், சரி. டிஸ்க்கில் இருக்கும் ஃபைலுக்கும் வாடகை ஓடுகிறதே, அதை நிறுத்த வேண்டுமென்றால் ஃபைலை அழிக்க வேண்டும். பெரிய நிறுவனங்கள் அதை ஒருக்காலும் விரும்பாது, கிளவுடின் விதிகள் அவர்களுக்காக எழுதப்பட்டவை. ஆனால் வெளியே போகும் டேட்டாவை மட்டுமாவது நிறுத்தும் ஒரு சுவிட்சை சின்னத் தளங்களுக்குக் கொடுக்க முடியாது என்றால் நான் நம்ப மாட்டேன். வருமானம் அந்தப் பக்கம் இருக்கும்போது அவசரம் இந்தப் பக்கம் வராது.

செய்யக்கூடியது என்ன? கூகுளில் பட்ஜெட் எச்சரிக்கை வந்ததும் பில்லிங்கையே துண்டிக்கும்படி ஒரு சின்ன நிரல் எழுதிவைக்கலாம், அதற்கான வழிமுறையை அவர்களே கொடுத்திருக்கிறார்கள், ஆனால் துண்டித்தால் அந்தப் புராஜெக்டில் உள்ளவை திரும்பக் கிடைக்காமலே போகலாம் என்ற எச்சரிக்கையோடு. வெர்சல் என்ற ஹோஸ்டிங் சேவையில் கட்டணப் பிளானில் நீங்கள் குறித்த தொகையை எட்டியதும் தளத்தை நிறுத்திவைக்கும் வசதி உண்டு, அது இயக்கத்தில் இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். மைக்ரோசாஃப்ட் அஷூரில் இலவசக் கணக்குக்கும், அவர்கள் கிரெடிட்டாகத் தரும் தொகையில் ஓடும் கணக்குக்கும் நிஜமான செலவு வரம்பு இருக்கிறது, சாதாரணமாகப் பயன்பாட்டுக்குத் தகுந்தபடி காசு கட்டும் கணக்குக்கு மாறியதும் அது போய்விடும்.

அந்த 10 டாலர் எச்சரிக்கையை மட்டும் எடுத்துவிடாதீர்கள், 5 டாலரிலும் ஒன்று போட்டுவையுங்கள். மாதம் 8ஆம் தேதியே 5 டாலர் மின்னஞ்சல் வந்தால் ஏதோ கோளாறு என்று தெரிந்துவிடும்.

கே: எனக்கு மாதம் எத்தனை ஜிபி தேவை என்று எந்தப் பிளானை எடுக்கப் போனாலும் கேட்கிறார்கள். எனக்கு எப்படித் தெரியும்?

ப: ஐந்து நிமிட வேலை. உங்கள் தளத்தைப் பிரௌசரில் திறந்து எஃப்12 விசையைத் தட்டுங்கள். நெட்வொர்க் என்ற பகுதிக்குப் போய், கேஷை (பிரௌசர் முன்பே சேமித்து வைத்த நகல்களை) முடக்கிவிட்டுப் பக்கத்தை மறுபடி ஏற்றினால், எத்தனை எம்பி இறங்கியது என்று அடியில் காட்டும். நான்கைந்து பக்கங்களுக்குப் பார்த்து சராசரி எடுத்து, மாதத்துக்கு எத்தனை முறை பக்கங்கள் பார்க்கப்படுகின்றனவோ அதால் பெருக்குங்கள். 2.5 எம்பி பக்கம், 40,000 பார்வைகள் என்றால் 100 ஜிபி.

இப்போது அதை இரண்டால் பெருக்குங்கள். காரணம், பார்வைக் கணக்குக் கருவிகள் மனிதர்களைத்தான் எண்ணும். பாட்கள், அதாவது தளங்களைத் தானாகத் திறக்கும் நிரல்கள், அதில் பெரும்பாலும் வராது, பில்லில் மட்டும் வந்துவிடும். தேடுபொறிகள் எப்போதும் வந்துபோகிறவைதான், ஆனால் ஏஐ நிறுவனங்கள் பயிற்சிக்காக இணையத்தை அள்ள ஆரம்பித்த பிறகு கதையே வேறு. மென்பொருள் ஆவணங்களை ஹோஸ்ட் செய்யும் ரீட் த டாக்ஸ் 2024இல் ஒரு கணக்கை வெளியிட்டது: ஒரே ஒரு கிராலர் (தளங்களைத் தானாக மேய்ந்து இறக்கும் பாட்) அந்த ஆண்டு மே மாதத்தில் மட்டும் 73 டெராபைட் (ஒரு டெராபைட் 1,000 ஜிபி) இறக்கியிருக்கிறது, அதில் ஒரே நாளில் கிட்டத்தட்ட 10 டெராபைட். பேண்ட்வித், அதாவது வெளியே போன டேட்டாவுக்கான செலவு 5,000 டாலருக்கு மேல். தாக்குதலெல்லாம் கிடையாது, மாறாத ஃபைல்களையே திரும்பத் திரும்ப இறக்கிக்கொண்டிருந்த சோம்பேறி நிரல். விக்கிமீடியாவும் 2025இல் சொன்னது, படம், வீடியோ இறக்கப் போகும் பேண்ட்வித் 2024 ஜனவரியிலிருந்து 50 சதவீதம் கூடிவிட்டது என்று, அதுவும் மனிதர்கள் அதிகம் படித்ததால் இல்லை.

இரண்டு மடங்கு என்பது விதி எதுவும் இல்லை, என் பழக்கம். உங்கள் சர்வர் லாக் (வந்த கோரிக்கைகளை சர்வர் எழுதிவைக்கும் பதிவு) கையில் இருந்தால் அதைக் கூட்டிப் பாருங்கள், அதுதான் உண்மையான எண்.

அப்புறம், பிளானை மாற்றுவதற்கு முன் படங்களைப் பாருங்கள். ஃபோனில் எடுத்த 4 எம்பி படத்தை அப்படியே ஏற்றி, பக்கத்தில் சின்னதாகக் காட்டும் தளங்கள் ஏராளம். அதையே வெப்பி (WebP) என்ற பட வடிவில் தேவையான அகலத்துக்குக் குறைத்தால் 200 கேபிக்குள் வந்துவிடும். இருபதில் ஒரு பங்கு! வேறு எந்தத் தள்ளுபடியும் இந்த அளவுக்குக் கிடைக்காது.

கே: 'எல்லாமே அன்லிமிடெட், மாதம் 2 டாலர்' என்று விளம்பரம் வருகிறதே, நம்பலாமா சார்?

ப: நம்ப வேண்டாம், ஆனால் வாங்கலாம். டிஸ்க்குக்கும் பேண்ட்வித்துக்கும் எண் போடாதவர்கள் பிராசஸருக்கும், மெமரிக்கும், மொத்த ஃபைல்களின் எண்ணிக்கைக்கும் வரம்பு வைத்திருப்பார்கள். ஃபைல் எண்ணிக்கை வரம்பு விதிமுறைப் பக்கத்தில் ஐநோடு (inode) என்ற சொல்லுக்குப் பக்கத்தில் இருக்கும். அளவு மீறினால் தளம் மெதுவாகும், அல்லது நிறுத்திவைத்து மின்னஞ்சல் அனுப்புவார்கள். பில் எகிறாது. சின்னத் தளத்துக்கு அது ஒன்றும் மோசமான முடிவு இல்லை.

அந்த 2 டாலரில்தான் விஷயம் இருக்கிறது. பெரும்பாலும் மூன்று வருடத்துக்கு மொத்தமாகக் கட்டினால்தான் அந்த விலை, புதுப்பிக்கும்போது பல மடங்கு. புதுப்பிக்கும் விலை எவ்வளவு என்பதை மட்டும் தேடிக் கண்டுபிடித்து, அதுதான் விலை என்று வைத்துக்கொண்டு மற்றவற்றோடு ஒப்பிடுங்கள்.

கே: தளத்தை மாற்றியமைக்கும் வேலைக்காக மூன்று வாரம் சர்வரை ஆஃப் செய்து வைத்திருந்தேன். ஆனாலும் முழு மாதத்துக்கும் பணம் எடுத்துவிட்டார்கள். இது எந்த ஊர் நியாயம்?

ப: டிஜிட்டல்ஓஷன், ஹெட்ஸ்னர் போன்ற இடங்களில் ஆஃப் செய்தாலும் வாடகை ஓடும். உங்கள் டிஸ்க், ஐபி, மெமரி எல்லாம் உங்களுக்கென்றே ஒதுக்கி வைக்கப்பட்டிருக்கிறது என்பது அவர்கள் வாதம். அமேசானில் ஆஃப் செய்தால் பிராசஸர் கட்டணம் நிற்கும், டிஸ்க்குக்கும், பிடித்து வைத்திருக்கும் நிலையான ஐபிக்கும் நிற்காது. அடுத்த முறை ஒரு ஸ்னாப்ஷாட் எடுத்துக்கொண்டு சர்வரை அழித்துவிடுங்கள், தேவைப்படும்போது அதிலிருந்து புதிதாக ஒன்றை எழுப்பலாம், ஸ்னாப்ஷாட்டுக்கு ஆகும் காசு சொற்பம். ஐபி முகவரி மட்டும் மாறிவிடலாம், டொமைன் அமைப்பில் அதைத் திருத்த வேண்டியிருக்கும்.

நியாயம் பற்றிக் கேட்டீர்கள். 'ஆஃப்' பொத்தானுக்குக் கீழேயே 'கட்டணம் தொடரும்' என்று இரண்டு சொல் எழுதினால் முடிந்தது. எழுதாமல் விடுபவர்கள் தற்செயலாக விடுவதாக எனக்குத் தோன்றவில்லை.

கே: நான் வெப் டிசைனர். தளம் கட்டிக்கொடுப்பதோடு ஹோஸ்டிங்கையும் நானே பார்த்துக்கொள்கிறேன். வாடிக்கையாளர்களிடம் ஒவ்வொரு வருடமும் பில் பேச்சு வந்தாலே சண்டைதான். கிளவுட் நிறுவனம் எனக்கு மாதாமாதம் வேறு வேறு தொகை போடுகிறது, அதை நான் இவர்களுக்கு எப்படி விளக்குவது?

ப: விளக்கவே வேண்டாம். உங்கள் வாடிக்கையாளர் உங்களைத் தேடி வந்ததே அந்த ஐந்து வரி பில்லிலிருந்து தப்பிக்கத்தான். ஏற்ற இறக்கத்தை உங்களோடு வைத்துக்கொண்டு அவருக்கு ஒரே எண்ணைச் சொல்லுங்கள், அந்த ஏற்ற இறக்கத்தைச் சுமப்பதற்கும் சேர்த்துத்தான் உங்கள் கூலி. இருபது தளங்களை ஒன்றாக வைத்திருப்பவருக்கு ஒன்று ஏறும்போது இன்னொன்று இறங்கும். ஒரே ஒரு தளம் வைத்திருப்பவருக்கு அந்த வசதி கிடையாது.

ஆனால் ஒரே எண் என்றால் வெறும் எண் இல்லை. நான் பார்த்த ஹோஸ்டிங் இன்வாய்ஸ்களில் பாதி 'ஹோஸ்டிங் கட்டணம், ஒரு வருடம்' என்று ஒற்றை வரியோடு முடிந்துவிடுகின்றன. சண்டை பிறக்குமிடம் அதுதான். அதே இன்வாய்ஸில் கீழே இப்படி எழுதிப் பாருங்கள்:

'இந்தத் தொகையில் அடங்கியவை: சர்வர் இடம் 10 ஜிபி, மாதம் 50 ஜிபி வரை டேட்டா, தினசரி பேக்கப் (7 நாள் வைத்திருப்போம்), எஸ்எஸ்எல் சான்றிதழ். அடங்காதவை: டொமைன் புதுப்பிப்பு, மின்னஞ்சல் பெட்டிகள், பக்கங்களில் மாற்றம் செய்வது. 50 ஜிபியைத் தாண்டும் மாதத்தில் உங்களுக்குத் தெரிவிப்போம், கூடுதல் கட்டணம் கிடையாது. தொடர்ந்து இரண்டு மாதம் தாண்டினால் அடுத்த பிளானுக்கு மாறுவது பற்றிப் பேசுவோம். அடுத்த வருடக் கட்டணம் மாறுவதாக இருந்தால் 60 நாள் முன்பே எழுத்தில் சொல்வோம்.'

எண்களை உங்கள் வசதிக்கு மாற்றிக்கொள்ளுங்கள். 'அடங்காதவை' என்ற வரியை மட்டும் விட்டுவிடாதீர்கள். டொமைன் கட்டணமும் ஹோஸ்டிங்கோடு சேர்ந்தது என்று நினைத்துக்கொண்டிருந்து, டொமைன் காலாவதியாகிக் கைவிட்டுப் போன பிறகு யார் தப்பு என்று பேசுவதில் இருவருக்கும் பயன் இல்லை.

விலையேற்றம் உங்கள் கையை மீறியும் வரும். 2019இல், ஹோஸ்டிங் கணக்குகளை நிர்வகிக்கும் மென்பொருளான சிபேனல், சர்வருக்கு ஒரே விலை என்று இருந்த உரிமக் கட்டணத்தை அதில் உள்ள கணக்குகளின் எண்ணிக்கைக்கு ஏற்ப என்று மாற்றியது. ஒரே சர்வரில் நூற்றுக்கணக்கான சின்னத் தளங்களை வைத்திருந்தவர்களுக்குச் செலவு பல மடங்கானது. உங்கள் பில் டாலரிலும் வசூல் வேறு நாணயத்திலும் இருந்தால் மாற்று விகிதமும் அப்படித்தான், அதற்குக் கொஞ்சம் இடம் விட்டு விலை வையுங்கள். முதல் வருடம் ஆசை காட்ட விலையைக் குறைத்துவிட்டு இரண்டாம் வருடம் ஏற்றுவதை மட்டும் செய்யாதீர்கள், அதைத்தான் பெரிய நிறுவனங்கள் செய்கின்றன என்று நாம் இவ்வளவு நேரம் திட்டிக்கொண்டிருக்கிறோம்.

கே: யாரோ ஒருவருக்கு ஒரு லட்சம் டாலர் ஹோஸ்டிங் பில் வந்ததாகப் படித்தேன். கட்டுக்கதையா? எனக்கும் வருமா?

ப: நிஜம்தான். 2024 பிப்ரவரியில் நடந்தது. இலவசப் பிளானில் இருந்த ஒரு எளிய தளம், டேட்டாபேஸ் கூடக் கிடையாது. அதில் இருந்த சில எம்பி அளவுள்ள ஒரு பாட்டு ஃபைலை யாரோ நிரல் வைத்துத் தொடர்ந்து இறக்கியதில் 1,04,000 டாலருக்கு மேல் பில் வந்தது. உதவிப் பிரிவு முதலில் தள்ளுபடி தருகிறோம் என்றுதான் சொன்னது. விஷயம் இணையத்தில் பரவிய பிறகு நிறுவனத்தின் தலைவரே வந்து முழுவதும் ரத்து என்றார். ரத்தானது நல்லது, ஆனால் எல்லாருடைய புலம்பலும் இப்படிப் பரவாதே.

அதே ஆண்டு ஏப்ரலில் இன்னொன்று, இது இன்னும் வினோதம். ஒருவர் அமேசானின் எஸ்3 சேமிப்பில் சோதனைக்காக ஒரு காலிப் பக்கெட்டை (ஃபைல்களைப் போட்டுவைக்கும் இடம்) திறந்து வைத்தார். ஒரு பிரபலமான ஓப்பன் சோர்ஸ் கருவி, தன் பேக்கப்பை எங்கே அனுப்புவது என்பதற்கு உதாரணமாக வைத்திருந்த பெயரும் அவர் வைத்த பெயரும் ஒன்றாகிப்போனது. அந்தக் கருவியை நிறுவிய யார் யாரோ அனுப்பிய கோரிக்கைகள் ஒரே நாளில் கிட்டத்தட்ட 10 கோடி. எல்லாமே 'அனுமதி இல்லை' என்று நிராகரிக்கப்பட்டவை, ஆனாலும் 1,300 டாலருக்கு மேல் பில்! நிராகரித்த கோரிக்கைக்கும் கட்டணம் என்பது விதி. அவர் எழுதியது பரவி, மே மாதமே அமேசான் அந்த விதியை மாற்றியது.

உங்களுக்கு வருமா என்றால், அளவு மீறினால் நிற்கும் பிளானிலோ மெதுவாகும் பிளானிலோ இருந்தால் வராது. மீட்டர் பிளானில் இருந்தால் வாய்ப்பு சிறியது, பூஜ்யம் இல்லை. பெரிய ஃபைல்களை மீட்டர் ஓடாத இடத்துக்கு நகர்த்துங்கள். கிளவுட்ஃப்ளேரின் ஆர்2 சேமிப்பில் வெளியே போகும் டேட்டாவுக்குக் கட்டணமே இல்லை, இடத்துக்கு ஜிபிக்கு ஒன்றரை சென்ட், கோரிக்கைகளை மட்டும் எண்ணுவார்கள். அமேசானும் 2025 நவம்பரில் தன் சிடிஎன்னான (தளத்தின் நகல்களைப் பல ஊர்களில் வைத்து வழங்கும் சேவை) கிளவுட்ஃப்ரன்ட்டுக்கு, அளவு மீறினாலும் கூடுதல் கட்டணம் இல்லாத மாத விலைப் பிளான்களைக் கொண்டுவந்தது. இத்தனை வருடமாக முடியாது என்று சொல்லப்பட்டது எப்படியோ முடிந்திருக்கிறது. ஆட்டோ ஸ்கேலிங் (கூட்டம் கூடினால் தானாக சர்வர்களைக் கூட்டும் வசதி) வைத்திருந்தால் அதிகபட்சம் எத்தனை சர்வர் என்ற கட்டத்தை மறக்காமல் நிரப்புங்கள்.

கிரெடிட் கார்டில் வரம்பைக் குறைத்து வைத்தால் போதும் என்று சிலர் நினைக்கிறார்கள். கார்டு மறுத்தால் வசூல்தான் நிற்கும், கடன் நிற்காது.

கே: ஒரு டேட்டா சென்டரின் விலைக்குறிப்பில் '95வது பெர்சென்டைல்' என்று இருக்கிறது. புரியவில்லை.

ப: ஜிபி கணக்கு இல்லாமல் வேகத்துக்குக் காசு வாங்கும் முறை. ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை உங்கள் வேகத்தைக் குறித்துக்கொள்வார்கள். 30 நாள் மாதத்தில் 8,640 குறிப்புகள். அவற்றை வரிசைப்படுத்தி, உச்சத்தில் உள்ள 5 சதவீதத்தை, அதாவது 432 குறிப்புகளைத் தள்ளிவிட்டு, அடுத்து நிற்கும் எண்ணுக்குப் பணம். கூட்டிப் பார்த்தால் மாதத்துக்கு 36 மணி நேர நெரிசல் இலவசம். 37வது மணி நேரம் நெரிசல் தொடர்ந்தால் மாதம் முழுக்க அந்த வேகத்தில் ஓடியதாகக் கணக்கு. எப்போதாவது ஒரு நாள் கூட்டம் வரும் தளத்துக்கு இது நல்ல பேரம். வாரா வாரம் சனி, ஞாயிறு கூட்டம் வருமென்றால் பக்கத்திலேயே போகாதீர்கள்.

கே: வேறு நிறுவனத்துக்கு மாறலாம் என்றால் டேட்டாவை வெளியே எடுக்கவே காசு கேட்பார்களாமே?

ப: கேட்டார்கள். 2024 ஜனவரியில் கூகுளும், மார்ச்சில் அமேசானும் மைக்ரோசாஃப்ட்டும் முழுவதுமாக வெளியேறுபவர்களுக்கு அந்தக் கட்டணத்தை விட்டுவிட்டன. முன்கூட்டியே விண்ணப்பித்து அனுமதி வாங்க வேண்டும், சும்மா எடுத்துக்கொண்டு போனால் வழக்கமான கட்டணம்தான். திடீர்ப் பெருந்தன்மைக்குப் பின்னால் ஐரோப்பிய ஒன்றியத்தின் டேட்டா சட்டம் இருக்கிறது, அதன்படி 2027 ஜனவரி 12 முதல் மாறுவதற்கென்று கட்டணம் வாங்கவே கூடாது. உங்களிடம் 200 ஜிபிதான் இருக்கிறது என்றால் இந்த விண்ணப்பமெல்லாம் வேண்டாம். அமேசானில் 100 இலவசம் போக மிச்சத்துக்கு 9 டாலர், கட்டிவிட்டுக் கிளம்புங்கள்.

கே: மூன்று வருட ஒப்பந்தம் போட்டால் பெரிய தள்ளுபடி தருகிறார்கள். போடலாமா?

ப: மூன்று வருடம் கழித்து உங்கள் தளம் எப்படி இருக்கும் என்று தெரிந்தால் போடலாம். எனக்கு என் தளத்தைப் பற்றித் தெரியாது, நான் போட மாட்டேன்.

கே: விலைப் பக்கங்கள் முழ நீளத்துக்கு இருக்கின்றன. முதலில் எதைப் பார்ப்பது?

ப: பக்கத்தைத் திறந்ததும் கண்ட்ரோல்-எஃப் தட்டி 'ஓவரேஜ்' (overage, அளவு மீறினால் வாங்கும் கூடுதல் கட்டணம்) என்று ஆங்கிலத்தில் தேடுங்கள். எண் இருந்தால் அது ஒரு ஜிபிக்கா, 100 ஜிபிக்கா என்று பாருங்கள், சில இடங்களில் 1 ஜிபி கூடினாலும் 100 ஜிபிக் கட்டாகத்தான் விற்பார்கள். அந்தச் சொல்லே இல்லையென்றால் உதவிப் பிரிவுக்கு ஒரே ஒரு கேள்வி எழுதுங்கள்: 'என் அளவு மாதம் 20ஆம் தேதி தீர்ந்துவிட்டால், 21ஆம் தேதி என் தளம் திறக்குமா, திறந்தால் அதற்கு எவ்வளவு?' பதிலைச் சேமித்து வையுங்கள். இரண்டு நாளில் நேரான பதில் வரவில்லையென்றால் அடுத்த நிறுவனத்தைப் பாருங்கள்.